சலங்கை கட்டிய கெண்டை

நம் பார்க் பெஞ்சுக் கூட்டத்தில் ஆளுக்கொரு சின்ன வயதுச் சங்கதி எழுதி வர வேண்டும் என்று முடிவானபோது, நான் மாம்பலத்து ஏரியைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். நாரை, தாமரை, குளிர்ந்த காற்று என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாரையும் தாமரையும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. படித்து முடித்த பிறகு நாளைக்கு என் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மயிலாப்பூரில் வீடு. மேற்கே நடந்து தேனாம்பேட்டைக் குடிசைகளைத் தாண்டினால் ஏரிக்கரை. இன்று ஜவுளிக்கடையும் நகைக்கடையுமாக நெரிகிற தியாகராய நகர் முழுக்க அன்று தண்ணீர். அங்கே வீடு வாங்கியிருக்கும் நம் ஓய்வுபெற்ற என்ஜினீயரிடம், "உம்ம சமையலறையில நான் தூண்டில் போட்டிருக்கேன் ஓய்" என்று சொன்னேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று அவர் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் என் மனைவியிடம் சொன்னாள்.

தூண்டில் போட்டது என்றால் தனியாக இல்லை. அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, பி.ஏ.யில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு இருந்தார். விடிந்ததும், "குழந்தையைக் காத்தாட அழைச்சுண்டு போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். அங்கே மூன்று பேர் காத்திருப்பார்கள். பக்கத்துத் தெருக் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர். டிராயிங் மாஸ்டர் ஒருவர். என் அப்பா தலைமை வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கும் வேலை. மூன்றாவது ஆள் எங்கள் வீட்டுக்குச் சட்டை தைக்கிற தையற்கார பாய். பாயைத் தவிர மற்ற எல்லோரும் மரக்கறி வீட்டு ஆட்கள். தூண்டில் பிடித்ததாக வெளியே தெரிந்தால் சாதத்தில் கை வைக்க விடமாட்டார்கள். என் அப்பாவுக்குத் தெரிந்தால் பிரம்புதான்.

பின் எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். ருசிதான். நாக்கு ருசி அல்ல, அந்தக் காத்திருப்பின் ருசி. கெண்டையைப் பிடித்தவனுக்குத்தான் அது புரியும். விரால் மாதிரி அது வெடுக்கென்று கவ்வாது. இரையை உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், மறுபடி உறிஞ்சும். மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை மெல்ல ஒரு பக்கம் சாயும். அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள்தான் வரும். தாமதித்தால் தாமரைத் தண்டுக்குள் நூலைச் சுற்றிவிட்டு அது போய்க்கொண்டே இருக்கும். சரியான நொடியில் சுண்டிவிட்டால் கோல் வில்லாக வளையும், உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் ஓர் உயிர் துடிப்பது தெரியும். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தும் அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வாய்க்கவில்லை. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மீனைக் கொல்லாததால் பாவம் இல்லை என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு சாஸ்திரம் செய்துகொண்டிருந்தார்கள். மண்புழு கூடாது, அது ஜீவஹிம்சை. கோதுமை மாவில் நெய்யும் பெருங்காயமும் போட்டுப் பிசைந்த உருண்டைதான் இரை. மாமா அடுக்களையிலிருந்து நெய்யைத் திருடிக் கொட்டாங்கச்சியில் கொண்டு வருவார். ஒரு இடத்தில் நாலு நாள் உருண்டைகளை வீசி மீனைப் பழக்குவார்கள். அப்புறம்தான் முள். பிடித்த மீனின் கிழிந்த உதட்டில் மஞ்சள் பொடி அப்பித் திரும்ப விட்டுவிட வேண்டும். மஞ்சள் டப்பா என் பொறுப்பு. எரிச்சலில் அது வாயைத் திறந்து திறந்து மூடும். "பாருடா, எவ்வளவு சுகமா மூச்சு விடறது!" என்பார் குமாஸ்தா.

பாய் மட்டும் சிரிப்பார். "ஐயமாருங்க மீனைக் காயப்படுத்திட்டு ஆஸ்பத்திரியும் வச்சிக்கினு கீறாங்க" என்பார். ஆனாலும் கூட்டத்தின் சட்டத்தை மீறாமல் தான் பிடித்ததையும் விட்டுவிடுவார்.

ஒரு நாள் காலை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் கரைமேல் வந்து நின்றாள். அவள் குடிசை அந்தப் பக்கம்தான். வீட்டில் அவளைப் பாத்திரக்காரி என்றே சொன்னோம், பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் மூன்று வீடு அவளுக்கு வேலை. அந்த மூன்று வீட்டுப் பழையதிலும் கூலியிலும்தான் நாலு பிள்ளைகளை வைத்திருந்தாள். புருஷன் போய்விட்டவன். செத்துப் போனானா ஓடிப் போனானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. "இதோ பாரு, ஆத்துல சொல்லிடாதே. சத்தியம் பண்ணு" என்று கை கூப்பாத குறையாகக் கெஞ்சினார்.

"எனுக்கு இன்னாத்துக்கு சாமி? நான் பாக்கவேயில்ல" என்றாள். பிறகு தண்ணீரில் விழுந்த உருண்டையைப் பார்த்து, "நெய் வாசனை வருதே! நெய்யா போடறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் டிராயிங் மாஸ்டர் ஒரு நல்ல கெண்டையை இழுத்துப் போட்டார். அவள் கரையிலிருந்து நாலடி இறங்கி வந்து முந்தானையை விரித்தாள்.

"வுடாதீங்க சாமி. எனுக்குக் குடுங்க. புள்ளைங்க துன்னும்."

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க கையால ஒரு ஜீவனைக் கொலைக்குக் குடுக்கறதா? நன்னா கேட்டே போ" என்று சொல்லி, மாஸ்டர் கையிலிருந்து மீனை வாங்கி, மஞ்சள் வைத்து, அவள் கண்ணெதிரே தண்ணீரில் விட்டார். அவள் விரித்த முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் முகம் போன விதத்தைப் பார்த்து நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அன்று எங்கள் எல்லோருக்கும் புண்ணியம் செய்த திருப்தி.

இனி அந்தப் பெரிய கெண்டை. இரண்டு வீசைக்கு, இன்றைய கணக்கில் மூன்று கிலோவுக்கு, குறையாது. செம்பு நிறச் செதில், வால் பக்கம் கறுப்பு. ஒரு தரம் மாமாவிடம் மாட்டியது, ஒரு தரம் குமாஸ்தாவிடம் மாட்டியது. இரண்டும் ஒரே மீன்தான், தான்தான் முதலில் பிடித்தது என்பது மாமாவின் கட்சி. வேறு வேறு மீன் என்பது குமாஸ்தாவின் வாதம். பேச்சு முற்றிக் கோலைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போய்விட்டார்கள். அடுத்த முறை சிக்கினால் அடையாளம் கட்டி விடுவது என்று பாய்தான் சமாதானம் செய்தார். துருப்பிடிக்காத பொருளாக வேண்டும். மாமா என்னைப் பார்த்தார்.

என் தங்கை கைக்குழந்தை. அதன் வெள்ளிக் கொலுசில் சுற்றிலும் குட்டிக் குட்டிச் சலங்கை. ஒன்றைப் பல்லால் நெம்பிப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பெரிய கெண்டை பாயின் தூண்டிலிலேயே விழுந்தது. நான் ஈரத் துணியால் அதன் கண்ணை மூடி அழுத்திக்கொண்டேன். பாய் மெழுகு தேய்த்த நீலப் பட்டு நூலை ஊசியில் கோத்து, முதுகுத் துடுப்பின் அடியில் குத்தி இழுத்து, சலங்கையின் வளையத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். ஊசி ஏறும்போது என் கைக்குள் அது துள்ளிய துள்ளல் இருக்கிறதே! விட்டதும் ஒரே ஒரு தரம் கிணுங்கிவிட்டுத் தண்ணீருக்குள் போயிற்று. எல்லோரும் கைதட்டினோம்.

சலங்கை ஒன்று குறைவதை அம்மா அந்த வாரமே பார்த்துவிட்டாள். கொலுசை அவள் பாத்திரக்காரியிடம் கொடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வாங்கியதும் அதே வாரம்தான். "எங்கேயோ விழுந்திருக்கும்" என்று வாயால் சொன்னாள். மனசுக்குள் அவள் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது.

அந்தக் கோடை முடிவதற்குள் ஏரியின் கரையை வெட்டிவிட்டார்கள். வீடு கட்ட மனை வேண்டுமாம். தண்ணீர் நாள்கணக்கில் ஓடி வடிந்தது. கடைசியில் சேறும் அங்கங்கே குட்டையும்தான் மிச்சம். சைதாப்பேட்டையிலிருந்தும் தேனாம்பேட்டையிலிருந்தும் ஜனங்கள் கூடை, பானை, புடவை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். நாங்கள் கரைமேலேயே நின்றோம். குட்டைக்குள் மீன்கள் முதுகு தெரிய நெளிந்துகொண்டிருந்தன. எங்கள் மஞ்சள் வைத்தியமெல்லாம் எங்கே போயிற்றோ! மாமா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, "போலாம்டா, நாத்தம் தாங்கல" என்றார்.

மறுநாள் காலையில் பாத்திரக்காரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கொல்லைக் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சலங்கையை எடுத்துக் கிணற்றடிக் கல்லில் வைத்தாள்.

"அம்மா, உங்க பாப்பா கொலுசுதானே இது? எந்தம்பி நேத்து சேத்துல ஒரு கெண்டை புடிச்சான். அது முதுகுல கட்டியிருந்திச்சு. பாத்ததுமே தெரிஞ்சிகினேன், நான் தேச்ச கொலுசாச்சே!"

அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "மீன் சலங்கை கட்டிண்டு ஆடித்தா? யார் காதுலடி பூ சுத்தறே? ஏரி வத்தினதும் நல்ல சாக்குக் கிடைச்சதாக்கும்" என்றாள். வளையத்தில் தொங்கிய நீல நூல் முடிச்சைத் தூக்கிக் காட்டி, "இதோ, தன் குழந்தை அரையில கட்டியிருந்த கயிறு இன்னும் போகலே பாருங்கோ" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவளை விடுவிக்க வேண்டிய முடிச்சே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

அப்பா வந்தார். மாமா வாசல் பக்கமே நின்றுகொண்டார். பாத்திரக்காரி, "புள்ளைங்க மேல சத்தியம் சாமி, மெய்யாலுமே மீனு மேலதான் இருந்திச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமாவின் பக்கம் ஒரு முறை பார்த்தாள். ஏரிக்கரையில் கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவிருந்தது. வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொயந்தே, நீ சொல்லு."

அப்பாவும் என்னைப் பார்த்தார். மாமா அப்பாவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நேக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

புகார் எழுத யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சட்டம் தெரிந்தவர் என்று பக்கத்துத் தெருக் கோர்ட்டு குமாஸ்தாவைத்தான். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். "மீனின் முதுகில் இருந்ததாக நம்பத்தகாத கதை சொல்லுகிறாள்" என்ற வரியை அவர் எழுதியபோது நான் அவர் தோள்பக்கம் நின்று படித்தேன். பேனா தயங்கவேயில்லை. டிராயிங் மாஸ்டர் அன்று அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் வந்து அவளை அழைத்துப்போனான்.

மாமா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அவரிடம் வெள்ளைக்காரன் ஒருவனுடைய சாமான் ஏலத்தில் எடுத்த ராட்டை வைத்த பிரம்புக் கோல் ஒன்று இருந்தது. நூலை அந்த ராட்டையில் சுற்றி விடலாம், இழுக்கலாம். அதைத் தொடக்கூட என்னை விடமாட்டார். "வாயைத் திறக்காம இருந்தியானா அது நோக்குத்தான். உங்கப்பா இப்பத்தான் நேக்கு உத்தியோகத்துக்கு லெட்டர் எழுதிண்டிருக்கார். கெடுத்துடாதே. அவளை ரெண்டு மிரட்டு மிரட்டி விட்டுடுவா" என்றார். மிரட்டல் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே பாய் வந்தார். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். மாமா மாடியை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் வாசல் கேட்டில் நின்றிருந்தேன். பாய் வெளுத்த சட்டையும் குல்லாவும் போட்டு, விசேஷத்துக்குப் போகிறவர்போல வந்திருந்தார்.

"தம்பி, ஐயா கீறாரா? அந்தப் பொம்பளய ஸ்டேஷன்ல வச்சிக்கினு கீறாங்களாமே. நான் சொல்லணும். நாந்தானே தச்சேன்!" என்றார். பையிலிருந்து ஒரு மரக்கட்டை நூல்கண்டை எடுத்தார். அதே நீலப் பட்டு நூல். "சலங்கை வளயத்துல எம்முடிச்சு கீது. இந்த நூலையும் அதையும் பக்கத்துல வச்சி ஐயா பாக்கட்டும். எங்க வரச் சொன்னாலும் வரேன்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் அரை மணியில் அப்பா வந்திருப்பார். எல்லாம் முடிந்திருக்கும். என் முதுகில் பிரம்பு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ராட்டைக் கோல் போயிருக்கும்.

"அவளை அப்பவே விட்டுட்டா பாய். அப்பாவே போய்ச் சொல்லி அழைச்சுண்டு வந்துட்டார்" என்றேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே சொன்னது இது.

பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், கடவுளுக்கு நன்றி சொன்னார் போலிருக்கிறது. "நல்ல மனுசன் உங்க அப்பா" என்றார். போகிறபோது என் கையில் நூல்கண்டை வைத்து, "எதுக்கும் இத்த ஐயா கையில குடுத்துடு தம்பி. அவ மேல சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது" என்றார்.

அவள் மறுநாள் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் இருந்தாள். பொருள் திரும்பிவிட்டதால் வழக்கு வேண்டாம் என்று அப்பா பெரிய மனசு பண்ணினார். தெருவில் எல்லோரும் அவர் குணத்தைப் புகழ்ந்தார்கள். மூன்று வீடும் அவளுக்குக் கதவைச் சாத்தின. நான் நூல்கண்டை யாரிடமும் கொடுக்கவில்லை. மாமா சொன்னபடி கோலைக் கொடுத்தார். பழைய நூல் இற்றுப்போயிருந்தது. பாயின் நீல நூலை ராட்டையில் சுற்றினேன். அருமையான நூல். அடையாற்றங்கரைக்குப் போய் ஒரு தரம் அதில் கெண்டை பிடித்தேன், என்ன இழுப்பு இழுத்தும் அறவில்லை.

பாய் சில நாள் கழித்து விஷயம் தெரிந்துகொண்டார் போலும். எங்கள் வீட்டுத் துணியைத் திருப்பி அனுப்பிவிட்டார். தையற்காரனுக்குத் திமிரைப் பாரேன் என்றாள் அம்மா. மாமாவுக்கு உத்தியோகம் கிடைத்தது. சாகும்வரை கௌரவமாகத்தான் இருந்தார். அந்தக் கோல் எப்போது, எங்கே போனது என்று எனக்கு நினைவில்லை.

அவளை நான் அப்புறம் ஒரே ஒரு தரம் பார்த்தேன். காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது சைதாப்பேட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போக மீன் சந்தை வழியே குறுக்கே நடந்தேன். சாக்கை விரித்துக் கெண்டைகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றன, மீனை இடது கையால் எடுத்துத் தராசில் போட்டாள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தபோது அந்த விரல்கள் நேராகத்தான் இருந்தன. அவள் நிமிர்வதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னா கொயந்தே, எம்மாம் ஒசரமாயிட்டே!" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்கதான் துன்ன மாட்டீங்களே. புடிச்சி மஞ்சா வச்சி வுடுவீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, "நீயே சொல்லியிருக்கலாமே, மாமாதான் மீன் பிடிக்கறார்னு?" என்று கேட்டேன். அந்த வயதிலும் பழியை அவள் தலையிலேயே வைக்கப் பார்த்தேன், கவனியுங்கள்.

"சொல்லியிருப்பேன். சின்னய்யருக்குக் குடுத்த வாக்கு கெடக்கட்டும். சொன்னா உங்க நைனா உன் தோல உரிச்சிருப்பாரு. பச்சப் புள்ள, அடி தாங்குமான்னு நெனச்சேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீயே சொல்லுவேன்னுதான் ஸ்டேஷன்ல ராவெல்லாம் வாசலப் பாத்துகினு இருந்தேன்."

எனக்குப் பின்னால் யாரோ கெண்டை என்ன விலை என்று கேட்டார்கள். அவள் என்னைத் தாண்டி அவர்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லு கொயந்தே. யாவாரம் கெடுது."

ஓரமாக நின்றேன்.